புனைபெயர் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு பெண் தன் முதல் சிறுகதையைப் படிக்கக் கொடுத்தார். மூன்று பக்கம். மேலே நான்கெழுத்தில் ஒரு புனைபெயர். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன், என் தப்பு. பாட்டி பெயரில் ஓர் எழுத்து, அண்ணன் பெயரில் ஓர் எழுத்து, தமிழ் டீச்சர் பெயரில் ஒன்று என்று கால் மணி நேரம் போனது. கதையைப் படிக்கக்கூட அவ்வளவு நேரம் ஆகவில்லை. அவர்மேல் கோபமில்லை. இதே கூத்தை நானும் ஆடியவன்தான்.

பிரபலமானவரின் பெயரை எடுக்காதே, வாயில் நுழையாததை வைக்காதே என்பதெல்லாம் தெரிந்த சங்கதி. விட்டுவிடுகிறேன்.

காரணத்தையே பெயராக்குவது

பாட்டி வள்ளியம்மை, அம்மா சரஸ்வதி, நான் தாமோதரன். மூன்று முதலெழுத்தையும் கோத்து ‘வசதா’ ஆனேன். அன்று ராத்திரி பெருமையில் தூக்கம் வரவில்லை. முதல் கதை அச்சில் வந்தபோது ‘வசந்தா’ என்றிருந்தது. ஒரு ‘ந்’ விட்டுப்போயிற்று என்று பிழை திருத்துபவர் நினைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. ‘அன்புள்ள சகோதரிக்கு’ என்று ஒரு வாசகர் கடிதம் வேறு. அடுத்த கதையின் ஓரத்தில் ‘ந் கிடையாது’ என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பினேன். ‘வசதி’ என்று வந்தது.

பெயர் சரியாக வரத் தொடங்கிய பிறகு வேறு தொல்லை. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும், “வசதான்னா என்ன சார்?” சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். கதையைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை. பதினோரு கதைக்குப் பிறகு சொந்தப் பெயருக்கே திரும்பினேன். அதில் ஒரு கதையைத் தொகுப்பில் சேர்க்க ஒருவர் தேடியிருக்கிறார். வசதா யாரென்று கண்டுபிடிக்க முடியாமல், வேறொருவர் கதையைப் போட்டுவிட்டார். புத்தகம் வந்தபின்தான் எனக்குத் தெரிந்தது. பதினொன்றில் உருப்படியான கதை அது ஒன்றுதான். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

சுரதாவும் கோத்த எழுத்துதானே என்று கேட்கலாம். சரிதான். சுப்புரத்தினதாசன் என்பதன் சுருக்கம் அது. பாரதிதாசனின் இயற்பெயர் கனக சுப்புரத்தினம். அந்த எழுத்துகளுக்குப் பின்னால் நாடறிந்த கவிஞர் ஒருவர் நின்றார். என் பாட்டியை எங்கள் தெருவுக்குத்தான் தெரியும்.

சுஜாதாவைப் பாருங்கள். எஸ். ரங்கராஜன் எழுத வந்தபோது ரா.கி. ரங்கராஜன் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தார். குழப்பம் வேண்டாமென்று மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டார். (கவிஞர் வாலியும் ரங்கராஜன்தான். அந்தப் பெயருக்கு என்ன ராசியோ!) காரணம் வீட்டுக்குள் இருந்தது, பெயர் ஊரில் புழங்குவதாக இருந்தது. காரணம் தெரியாமலே எத்தனையோ பேர் அவரைப் படித்தார்கள்.

இன்னொருவர், குறுந்தொகையின் 40ஆம் பாட்டைப் பாடியவர். சொந்தப் பெயர் தொலைந்துவிட்டது. ‘செம்புலப் பெயனீர்’ என்று அவர் சொன்ன உவமையை வைத்தே செம்புலப்பெயனீரார் என்கிறோம். அவர் உட்கார்ந்து பெயர் யோசித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

தாசன், பித்தன்

இருப்பவர்கள் போதும்.

ழ, ள, ண, ன

போனில் ஒருவருக்கு ஒரே ஒரு தடவை சொல்லி, எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

கதைக்கு ஒன்று, கவிதைக்கு ஒன்று

கதைக்கு வண்ணதாசன், கவிதைக்கு கல்யாண்ஜி என்று ஒருவரே இரண்டு பெயரில் எழுதுகிறார். அவரால் முடிந்தது. நீங்கள் முதலில் ஒன்றை நிலைநிறுத்துங்கள்.

காசோலை

சன்மானம் எந்தப் பெயரில் வரவேண்டும் என்பதைக் கதையோடு சேர்த்தே எழுதிவிடுங்கள். வங்கிக்காரருக்கு வசதாவைத் தெரியாது.

அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நேற்று கதையைத் திருத்தி அனுப்பியிருக்கிறார், நன்றாக வந்திருக்கிறது. பெயரில் இப்போது ஐந்து எழுத்து. ஐந்தாவது யார் என்று நான் கேட்கவில்லை.