மாவு பூத்தால் மாவு கெட்டதா? ஒரே ஒலிச் சொற்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வீடு களியக்காவிளைப் பக்கம். அம்மா பிறந்து வளர்ந்தது தோவாளை. ஒரு மார்கழியில் பாறசாலையிலிருந்து வந்திருந்த மாமி முற்றத்தில் நின்றபடி, "சேச்சி, மாவு பூத்தல்லோ!" என்று குரல் கொடுத்தார். அம்மா பதறி அடுக்களைக்குள் போய், புட்டுக்கு வறுத்து வைத்திருந்த அரிசிமாவு டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார். நமக்கு மாவு பூத்தது என்றால் பூஞ்சை பிடித்துவிட்டது என்று அர்த்தம். மாமி சொன்னதோ வேலியோரம் பூவெடுத்து நின்ற மாமரத்தை. மலையாளத்தில் மாமரத்துக்குப் பேர் மாவு.

ஏழெட்டு கிலோமீட்டர் தூரத்துக்குள்ளேயே இப்படி என்றால், உலகம் முழுக்க 'மா' என்ற ஓரெழுத்து என்ன பாடுபடும்? இந்தியிலும் வங்காளத்திலும் அம்மா. இத்தாலியனில் 'ஆனால்'. ஹங்கேரியனில் 'இன்று'. ஹீப்ருவில் 'என்ன'. பிரெஞ்சில் பெண்பால் பெயருக்கு முன் வரும் 'என்'. சம்ஸ்கிருதத்தில் 'வேண்டாம், செய்யாதே'.

இதில் நம்மவர்கள் அதிகம் செய்யும் தவறு, ஒலி ஒத்துப்போனதும் உறவு கொண்டாடுவது. "பழந்தமிழில் மா என்றால் குதிரை, சீனத்திலும் மா என்றால் குதிரை, ஆகவே..." என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றும். சரி, இரண்டையும் கொஞ்சம் பின்னால் கொண்டுபோய்ப் பாருங்கள். தமிழில் மா என்பது பொதுவாக விலங்கு. குதிரையும் யானையும் அதற்குள் அடக்கம். சீனச் சொல்லின் பழைய வடிவத்தை மீட்டெடுத்த ஆய்வாளர்கள், அதில் ம-வை அடுத்து ஒரு ர ஒலி இருந்தது என்கிறார்கள். பின்னால் போகப் போக இரண்டும் விலகுகின்றன. உறவுள்ள சொற்கள் பின்னால் போகப் போக நெருங்கும்.

பின்னிஷ் மொழியில் 'மா' என்றால் நிலம், நாடு. தஞ்சைப் பக்கம் நிலத்தை மா கணக்கில் சொல்வார்களே, அதுவா இது? இல்லை. இருபது மா ஒரு வேலி. மா என்பதே நம் பழைய வாய்ப்பாட்டில் இருபதில் ஒன்று என்ற பின்னம்; நாலு மா என்றால் ஐந்தில் ஒன்று. மண் என்ற பொருளே அதில் கிடையாது. தமிழுக்குள்ளும் மரம், விலங்கு, அரைத்த பொடி, பின்னம் எல்லாவற்றையும் ஒரே சொல்லாக எண்ணிவிடக் கூடாது. ஒலிதான் ஒன்று, சொற்கள் வேறு வேறு.

அடுத்தது, தமிழில் எழுதிப் பார்த்து முடிவு கட்டுவது. நம் எழுத்து தமிழுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. சீனத்தில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் அதே மா அம்மாவாகும், சணலாகும், குதிரையாகும், திட்டுவதாகும். வியட்நாமில் சமதொனியில் சொன்னால் பேய். குரலை உயர்த்திச் சொன்னால் தென்வியட்நாமில் அம்மா. நாம் எழுதும்போது எல்லாமே 'மா' ஆகிவிடுகிறது.

"அம்மா என்ற சொல் எல்லா மொழிக்கும் போனது தமிழிலிருந்துதான்" என்பதும் அடிக்கடி காதில் விழும். பால் குடிக்கும் குழந்தை வாய் மூடி முனகும்போது தானாக வரும் ஒலி ம. அதைப் பெரியவர்கள் பக்கத்தில் இருப்பவருக்குப் பெயராக்கிக்கொள்கிறார்கள் என்று மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1960-இல் விளக்கினார். ஜார்ஜியன் மொழியில் மாமா என்றால் அப்பா; அம்மாவுக்கு அங்கே டெடா. ஏறக்குறைய 7,000 மொழிகள், மிக எளிய இரண்டு ஒலிகள். எங்காவது பொருள் முட்டிக்கொள்ளாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அப்படியானால் உண்மையான உறவை எப்படிப் பிடிப்பது? ஒற்றைச் சொல்லைத் தூக்கிக்கொண்டு ஓடாமல், வரிசையாகப் பாருங்கள். நம் விளவங்கோட்டுக் காதுக்கு இது அன்றாடம் கேட்பதுதான். தமிழில் தேங்காய், மலையாளத்தில் தேங்ங. மாங்காய், மாங்ங. நீங்கள், நிங்ஙள். கஞ்சி, கஞ்ஞி. மஞ்சள், மஞ்ஞள். ஒரே மாற்றம் சொல்லுக்குச் சொல் ஒழுங்காகத் திரும்பி வருகிறது. இந்த ஒழுங்குதான் சாட்சி. பக்கத்து மாவட்டத்து இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் பாதிரியார் 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் நிற்பது இப்படிப்பட்ட ஒழுங்கின் மேல்தான். தமிழ்மேல் பிரியம் இருக்கிறவர்கள் அந்த உழைப்பைக் குதிரைக் கதைகளோடு சேர்த்துக் கட்டக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அதற்காக எல்லா ஒற்றுமையையும் தற்செயல் என்று ஒதுக்குவதும் தவறு. மாமி சொன்ன மாவும், நம் மாமரத்தில் உள்ள 'மா'வும் ஒரே வேர். கன்னடத்திலும் அது மாவுதான். பழத்தின் பெயர் இன்னும் தூரம் போயிருக்கிறது. கடலோரத்துக்கு வியாபாரத்துக்கு வந்த போர்ச்சுகீசியர் காதில் மாங்ங 'மங்கா' என்று விழுந்தது. ஆங்கிலத்தில் அது மேங்கோ ஆனது. இங்கே பழத்தோடு பெயரும் கப்பல் ஏறியது. யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று படிப்படியாகக் காட்ட முடிகிறது.