விமர்சகருக்குப் பாட்டு அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு கல்லூரி பேண்டைச் சேர்ந்த தம்பி போன் செய்தார். "அண்ணா, பாட்டு அனுப்பி ரெண்டு வாரமாச்சு, கேட்டீங்களா?" கேட்டிருந்தேன். மிகவும் பிடித்தும் இருந்தது. அது அவர்களுடைய பாட்டு என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

எழுத்துப்பிழை, விமர்சகரின் பெயரை மாற்றி எழுதுவது போன்றவை யாருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெயரில்லாத ஃபைல்

தம்பி அனுப்பிய ஃபைலின் பெயர் 'ஃபைனல் மிக்ஸ் நியூ 3'. அந்த வாரம் வந்தவற்றில் இன்னும் இரண்டு 'ஃபைனல் மிக்ஸ்' இருந்தன. மெயிலைத் திறந்துவைத்துக்கொண்டு நான் பாட்டு கேட்பதில்லை. எல்லாவற்றையும் போனில் இறக்கிக்கொண்டு, வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறியதும் ஆரம்பிப்பேன். இரண்டாம் சரணத்தில் டிரம்ஸ் சட்டென்று அடங்கி, பேஸ் கிட்டாரும் குரலும் மட்டும் நடந்த இடத்தை மூன்று முறை திருப்பிக் கேட்டேன். யார் இவர்கள் என்று திரையைப் பார்த்தால் 'அன்நோன் ஆர்ட்டிஸ்ட்'. வீட்டுக்கு வந்து மெயில்களில் தேடியும் பிடிபடவில்லை. பத்திரிகையில் நான் எழுதும் விமர்சனப் பத்தி அந்த வாரம் வேறொரு பேண்டுக்குப் போனது.

இதில் எனக்குக் கோபம் வரக் காரணம் உண்டு. 2006இல் நான் ஒரு பேண்டில் இருந்தபோது நாங்களும் இதையே செய்தோம். ரிச்சி தெருவில் வெற்று சிடி வாங்கி இருபது பிரதி எழுதினோம். பேண்டின் பெயர், போன் நம்பர் எல்லாம் அட்டையில் மட்டும். சிடியின் மேல் ஒன்றுமில்லை. ஒரு பத்திரிகை அலுவலகத்தில் விசாரிக்கப் போனபோது மேசையில் எங்கள் அட்டை இருந்தது, உள்ளே சிடி இல்லை. பக்கத்தில் பெயரில்லாத சிடிகள் ஓர் அடுக்கு. ஆடியோ சிடியின் மூலத் தரத்தில் பாட்டின் பெயருக்கு இடமே கிடையாது. 1996இல் வந்த, பெயர்களையும் சிடியில் பதியும் சிடி-டெக்ஸ்ட் முறையில் எழுதினால்தான் உண்டு, அதையும் எல்லா பிளேயரும் காட்டாது. கம்ப்யூட்டரில் போட்டால் 'டிராக் 01' என்றுதான் வரும்.

இன்றைக்கு அந்தத் தடை இல்லை. எம்பி3க்குள் பாட்டின் விவரங்களை எழுதிவைக்க ஐடி3 டேக் என்று ஓர் இடம் இருக்கிறது. பேண்ட், பாட்டு, ஆல்பம், ஆண்டு, அட்டைப்படம் எல்லாம் அதில் ஏறும். 'எம்பி3டேக்', 'மியூசிக்பிரெய்ன்ஸ் பிகார்ட்' போன்ற மென்பொருளில் ஐந்து நிமிட வேலை. டேக்கின் குறிப்புப் பகுதியில் மெயில் முகவரியையும் போடுங்கள். ஃபைலின் பெயரும் 'பேண்ட் – பாட்டு' என்றே இருக்கட்டும். சுருக்கப்படாத வேவ் ஃபைலில் டேக் போட்டாலும் பல பிளேயர்கள் அதைப் படிப்பதில்லை; அதோடு நான்கு நிமிடப் பாட்டு 40 எம்பி வரும். 320 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 10 எம்பிக்குள் முடிந்துவிடும், கேட்டு எழுதுவதற்கு அது தாராளம். அனுப்புமுன் அந்த ஃபைலை வேறொருவர் போனில் போட்டு, திரையில் என்ன தெரிகிறது என்று பாருங்கள்.

பூட்டிய லிங்க்

டிரைவ் லிங்க்கைத் திறந்தால் அனுமதி கேட்கச் சொல்கிறது. நான் கேட்பதில்லை.

வெளியான பிறகு அனுப்புவது

பாட்டு வெளிவந்த மறுநாள் அனுப்பிவிட்டு அந்த வாரமே விமர்சனம் எதிர்பார்க்கிறார்கள். என் பத்தி பத்து நாள் முன்பே முடிவாகிவிடும். ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் குழுவுக்கும் வெளிவராத பாட்டைத்தான் முன்வைக்க முடியும். ஏழு நாளாவது முன்னால் கொடுக்கச் சொல்கிறார்கள். எனக்கு மூன்று வாரம் வேண்டும். வெளியீட்டுத் தேதியை மெயிலின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

முடிக்காத மிக்ஸ்

"ரஃப் மிக்ஸ்தான் அண்ணா, மாஸ்டர் பண்ணி அப்புறம் அனுப்புறோம்." ஒரு பாட்டை முதல்முறையாக ஒரு தடவைதான் கேட்க முடியும். மாஸ்டர் என்கிற கடைசி ஒலிச் சீரமைப்பு முடிந்த பிறகு அனுப்புங்கள்.

பன்னிரண்டு பாட்டு

ஒன்று போதும். எது என்று நீங்களே தேர்ந்தெடுங்கள்.

யார் வாசித்தார்கள் என்று சொல்லாமல் விடுவது

பாடலாசிரியர், ஒலிப்பதிவு செய்தவர், விருந்தினராக வந்து வயலின் வாசித்தவர் எல்லோர் பெயரும் மெயிலில் வேண்டும், தமிழில் எப்படி எழுத வேண்டுமோ அப்படி. அந்த பேஸ் வாசித்த பெண்ணின் பெயரை நான் தம்பியிடம் போனில் கேட்டுத்தான் குறித்துக்கொண்டேன்.