சினமன் சுருள் பான்கேக்: சுருள் ஓடாமல், கருகாமல் வர

பான்கேக் மாவு யார் கலக்கினாலும் வந்துவிடும். வேலை வைப்பது மேலே சுற்றும் பட்டைச் (சினமன்) சுருள்தான். அமெரிக்கக் காலை உணவான சினமன் ரோலுக்குள் வைக்கும் பூரணமேதான் இது. ஆனால் அங்கே மாவுக்குள் பத்திரமாக இருப்பது, இங்கே நேராகக் கல்லில் படுகிறது. அதனால் முதலில் அதைச் சரியாகச் செய்துகொள்வோம்.

50 கிராம் வெண்ணெயை வெளியே எடுத்து வையுங்கள். உருக்கவே வேண்டாம், விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தால் போதும். உருக்கிவிட்டால் சர்க்கரை அடியில் தங்கி, பிழியும்போது முதலில் வெறும் நெய்தான் வந்து விழும். அதில் நாட்டுச் சர்க்கரை 5 டேபிள்ஸ்பூன், பட்டைத்தூள் 2 டீஸ்பூன், மைதா 1 டீஸ்பூன் சேர்த்துக் குழையுங்கள். வெண்ணெய் இளகும்போது ஓடவிடாமல் பிடித்துக்கொள்வது அந்த மைதாதான். ஸ்பூனைத் தூக்கினால் கலவை ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நாட்டுச் சர்க்கரையை அவசியம் சலித்துக்கொள்ளுங்கள்; மிளகளவு கட்டி இருந்தாலும் கலவையைப் பிழியும் பையின் நுனி அடைத்துக்கொள்ளும். பைக்குக் கழுவித் துடைத்த பால் கவர் போதும். மருதாணிக் கோன் சுற்றத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் இந்த வேலையை அவரிடமே விட்டுவிடுங்கள்.

பட்டையைப் பற்றி ஒன்று. மளிகைக் கடையில் பிரியாணிக்குக் கொடுக்கும் தடித்த பட்டை பெரும்பாலும் காசியா. காரமும் வாசமும் தூக்கலாக இருக்கும். சிலோன் பட்டை காகிதம்போல் மெல்லிய பல அடுக்குகள் சுருண்டது, கையால் நொறுக்கலாம், வாசம் மென்மை. பிள்ளைகளுக்கு அடிக்கடி செய்வதானால் நான் சிலோனையே சொல்வேன். காசியாவில் கூமரின் என்ற பொருள் மிக அதிகம், அது கல்லீரலுக்கு ஆகாது. எதுவானாலும் வீட்டில் அரைத்தால் மெல்லிய சல்லடையில் சலியுங்கள், இல்லாவிட்டால் நறநறவென்று பல்லில் படும்.

மாவுக்கு: மைதா 1 கப், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், சர்க்கரை 1 டேபிள்ஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன். இன்னொரு பாத்திரத்தில் முட்டை 1, பால் முக்கால் கப், உருக்கிய வெண்ணெய் 2 டேபிள்ஸ்பூன். முட்டை வேண்டாம் என்பவர்கள் 3 டேபிள்ஸ்பூன் கெட்டித் தயிர் ஊற்றலாம். இரண்டையும் சேர்த்து, உலர்ந்த மாவு கண்ணில் படாமல் போகும் வரை மட்டும் கிளறுங்கள். சின்னக் கட்டிகள் இருக்கட்டும். அடித்துக் கலக்கினால் பான்கேக் ரப்பராகிவிடும். 10 நிமிடம் வையுங்கள்.

நான்ஸ்டிக் கல்லே நல்லது, இரும்புக் கல்லில் வெங்காய வாசம் ஏறியிருக்கும். அடுப்பு சிம்மிலேயே இருக்கட்டும். தோசைக்குக் காய்கிற சூடு இதற்கு ரொம்ப அதிகம். துளி வெண்ணெய் தடவி ஒரு சின்னக் கரண்டி மாவை ஊற்றுங்கள். பழக்கத்தில் கை தானாகத் தேய்க்கப் போகும், தேய்க்காதீர்கள்! ஓரத்தில் குமிழிகள் எழும்பத் தொடங்கியதும் பையின் மூலையை 3 மில்லிமீட்டர் வெட்டி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றுங்கள். ஓரத்தில் ஒரு விரல் இடம் விடவும். மாவை ஊற்றிய உடனே சுற்றினால் சுருள் உள்ளே அமிழ்ந்துவிடும், ரொம்பத் தாமதித்தால் மாவில் ஒட்டாமல் திருப்பும்போது கழன்று வரும்.

ஓரம் ஈரம் வற்றி மங்கியதும் ஒரே தடவை திருப்புங்கள். அந்தப் பக்கத்துக்கு ஒரு நிமிடமே அதிகம். கருகல் வாசம் வரும்வரை காத்திருந்தால் கசந்துவிடும். எடுத்துப் பார்த்தால் சர்க்கரை உருகிய இடம் பளபளவென்று பள்ளமாக இருக்கும். அடுத்ததை ஊற்றும் முன் கல்லை இறக்கி ஈரத் துணியால் துடைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டியிருக்கும் சர்க்கரை கருகி அடுத்த பான்கேக்கில் கறுப்புப் புள்ளிகளாக ஏறும். இந்த அளவுக்கு ஏழெட்டு வரும்.

மேலே ஊற்றுவதற்கு கிரீம் சீஸ்தான் வழக்கம். துணியில் கட்டித் தண்ணீர் வடித்த தயிர் 4 ஸ்பூனில் ஐசிங் சர்க்கரை 2 ஸ்பூன் அடித்துக்கொண்டாலும் அதே புளிப்பு கிடைக்கும், செலவும் குறைவு. மேப்பிள் சிரப் எல்லாம் வேண்டாம், இனிப்பு திகட்டிவிடும். சூடாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் சுருள் ஒட்டிக்கொள்ளும், நடுவில் பட்டர் பேப்பர் போடுங்கள். மீந்த பட்டைக் கலவை ஃபிரிட்ஜில் ஒரு வாரம் கெடாது. பிரெட்டில் தடவி டோஸ்ட் செய்துகொள்ளலாம்.