சிறிய என்ஜின் இறுகி நிற்பதற்கு ஆயிலின் ரகம்தான் காரணமா?

புல் வெட்டும் இயந்திரம், ஜெனரேட்டர், நீர் இறைக்கும் பம்ப் போன்றவற்றின் சிறிய என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறுகி நின்றுவிட்டால், பலரும் முதலில் பழி போடுவது கடைசியாக ஊற்றிய ஆயிலின் மீதுதான். ரகம் மாறினால் என்ஜின் கெடும் என்பது உண்மையே. ஆனாலும், என்ஜினைப் பிரித்துப் பார்க்கும்போது ஆயிலின் ரகத்தைவிட அதன் மட்டம் குறைந்திருந்ததே பெரும்பாலும் காரணமாகத் தெரியவரும்.

இதைப் புரிந்துகொள்ள என்ஜினின் உள்ளமைப்பைப் பார்க்க வேண்டும். சிறிய ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின்கள் பலவற்றில் ஆயில் பம்பும் கிடையாது, ஃபில்டரும் கிடையாது. பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்டையும் (சுழலும் முதன்மைத் தண்டு) இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில் சிறு கரண்டியைப் போல நீண்டிருக்கும் பகுதி, கீழே தேங்கியிருக்கும் ஆயிலை வாரி இறைத்துத்தான் மற்ற பாகங்களை நனைக்கிறது. மொத்தக் கொள்ளளவே பலவற்றில் ஏறத்தாழ 0.6 லிட்டர் என்பதால், 200 மில்லி குறைந்தாலே மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கனெக்டிங் ராடும் பல மாடல்களில் அலுமினியத்தால் ஆனது. தனி பேரிங் இல்லாமல் கிராங்க் ஷாஃப்டின் மேல் நேரடியாகச் சுழல்வது. இடையிலுள்ள ஆயில் படலம் அறுந்தவுடன் அலுமினியம் எஃகின் மேல் ஒட்டிக்கொள்ள, ராட் முறிந்து என்ஜினின் உடலையே துளைத்துவிடுவதும் உண்டு. சரிவான நிலத்தில் சாய்த்து ஓட்டும்போது, மட்டம் சரியாக இருந்தாலும் கரண்டிக்கு ஆயில் எட்டாமல் போகலாம்.

மட்டம் பார்ப்பதிலும் தவறு நேர்கிறது. சில என்ஜின்களில் ஆயில் மட்டம் காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கைத் திருகாமல் செருகிப் பார்க்க வேண்டும், சிலவற்றில் முழுவதும் திருக வேண்டும். கையேட்டைப் படிக்காமல் மாற்றிச் செய்தால் அளவு பிழையாகும். குறைவுக்கு அஞ்சி அதிகமாக ஊற்றினால், ஆயில் நுரைத்து, பிரீதர் (என்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் வழி) வழியாக ஏர் ஃபில்டருக்கு ஏறி, வெள்ளைப் புகையாக வெளிவரும்.

ஆயிலின் கெட்டித்தன்மையைப் பொறுத்தவரை, சுற்றுப்புற வெப்பநிலையைப் பார்க்காமல் ஊற்றுவதே வழக்கமான பிழை. காற்றால் குளிர்விக்கப்படும் இந்த என்ஜின்கள் கார் என்ஜின்களைவிடச் சூடாக ஓடுவதால், வெப்பமான காலத்துக்கு எஸ்.ஏ.இ. 30 (கெட்டித்தன்மையைக் குறிக்கும் தர எண்) ஆயில் பரிந்துரைக்கப்படுகிறது. ஏறத்தாழ 4 டிகிரி செல்சியசுக்குக் கீழே அது கெட்டியாகி ஸ்டார்ட் ஆவதைக் கடினமாக்கும். குளிரிலும் எளிதாக ஓடும் 10டபிள்யூ-30 ஆயில் கடும் வெயிலில் சற்று அதிகமாகச் செலவாகும். அடிக்கடி மட்டம் பார்ப்பவருக்கு அதனால் ஆபத்தில்லை. பிராண்டைப் பற்றிய வாக்குவாதத்தில், என் கணிப்பில், பொருள் மிகக் குறைவு.

ரகமே என்ஜினைக் கொல்லும் இடம் டூ ஸ்ட்ரோக். செயின்சா போன்ற கருவிகளில் ஆயிலுக்குத் தனி இடம் கிடையாது. பெட்ரோலோடு கலந்து போகும் ஆயில்தான் பிஸ்டனைக் காக்கிறது. வெறும் பெட்ரோலை நிரப்பிவிட்டால் சில நிமிடங்களிலேயே பிஸ்டன் சிலிண்டரைக் கீறி இறுகிவிடும். பெட்ரோலுக்கும் ஆயிலுக்கும் உள்ள விகிதம் 50:1 என்றால் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில், 25:1 என்றால் 40 மில்லி. கண்ணளவில் ஊற்றுவது கூடாது. நீரால் குளிரும் படகு என்ஜின்களுக்கான டி.சி.-டபிள்யூ.3 ஆயிலைக் காற்றால் குளிரும் கருவியில் ஊற்றுவதும், ஃபோர் ஸ்ட்ரோக் ஆயிலைக் கலப்பதும் தவறு. பின்னது சுத்தமாக எரியாமல் பிளக்கிலும் புகைப்போக்கியிலும் கரியாகப் படியும்.

இன்னொரு காரணம் எளிதில் கண்ணில் படாது. ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினில் ஆயில் ஊற்றாமலேயே மட்டம் உயர்ந்திருந்து, டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை வந்தால், கார்புரேட்டரின் ஊசி வால்வு சரியாக மூடாமல் பெட்ரோல் உள்ளே கசிந்து ஆயிலை நீர்த்துப்போகச் செய்திருக்கிறது என்று கொள்ளலாம். அந்தக் கசிவை நிறுத்தாமல் ஆயிலை மட்டும் மாற்றினால், எவ்வளவு விலை உயர்ந்த ஆயிலாக இருந்தாலும் அதுவும் அப்படியே நீர்த்துவிடும்.