எஸ்எஸ்டி உண்மையில் எவ்வளவு எழுதுகிறது?

பழுதுபார்க்க வரும் எஸ்எஸ்டிகளில் (ஃபிளாஷ் எனும் நினைவகச் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் டிஸ்க்குகள்) நான் முதலில் தேடுவது இரண்டு எண்கள்: கணினி எழுதச் சொன்ன அளவு, ஃபிளாஷில் உண்மையில் எழுதப்பட்ட அளவு. டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே பதிந்துவைக்கும் ‘ஸ்மார்ட்’ விவரங்களில் இரண்டும் கிடைத்தால் பின்னதை முன்னதால் வகுத்துப் பாருங்கள். போன வாரம் ஒரு கணக்கரின் டிஸ்க்கில் 10 டெராபைட்டுக்கு 32 டெராபைட், அதாவது 3.2 மடங்கு.

ஃபிளாஷில் ‘பக்கம்’ எனும் சிறு அலகுகளாக எழுதலாம். அழிப்பதென்றால் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட முழுத் தொகுதியையும் அழித்தாக வேண்டும். அதற்குமுன், அதிலுள்ள தேவையான பக்கங்களை வேறிடத்தில் மறுபடி எழுத வேண்டும். அவர் டிஸ்க்கில் காலியிடம் வெறும் 9 ஜிபி. அடைசலான அறையில் கட்டிலை நகர்த்தி நகர்த்திப் பெருக்கும் கதைதான்.

நான் ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விடச் சொல்வேன். டிரிம், அதாவது நீக்கிய கோப்புகளின் இடம் இனித் தேவையில்லை என்று டிஸ்க்குக்குச் சொல்லும் கட்டளை, இயங்குகிறதா என்றும் பாருங்கள். லினக்ஸில் வாரம் ஒருமுறை அதைச் செய்யும் எஃப்எஸ்டிரிம் நிரல் ஓடினால் போதும்.

எழுதும் அளவைக் குறைக்கும் தரவுச் சுருக்கம் எல்லா டிஸ்க்கிலும் கிடையாது. பழைய சாண்ட்ஃபோர்ஸ் கண்ட்ரோலர்கள் (டிஸ்க்கை இயக்கும் சில்லுகள்) சுருக்கியே எழுதும். உரைக் கோப்புகளுக்கு மேலே வகுத்துப் பார்த்த விகிதம் 1-க்குக் கீழேகூட இறங்கும். ஜேபெக், எம்பி4 ஏற்கெனவே சுருங்கியவை, பலனில்லை. அவ்வகை டிஸ்க்கின் வேகத்தை வெறும் பூஜ்யங்களை எழுதிச் சோதிக்காதீர்கள்; அவை மிகச் சிறிதாகச் சுருங்கிவிடுவதால் வேகம் பொய்யாகக் கூடித் தெரியும். நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.