அந்துப்பூச்சிப் படத்தில் விழுந்த நிழல்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஊசி குத்தி உலர்த்திய அந்துப்பூச்சிகளைப் படமெடுத்தபோது, இறக்கையோரம் கறுப்பு நிழலில் மறைந்தது. ஃபிளாஷைக் குறைத்தும் பயனில்லை. பின்னணி அட்டை பூச்சியை ஒட்டியிருந்ததே கோளாறு.

அட்டைக்கு 10 செ.மீ. மேலே கண்ணாடித் தகடு வைத்து, அதில் உடலுக்கடியில் மறையுமளவு ஃபோம் துண்டு ஒட்டி ஊசியை நட்டேன். நிழல் கீழே இறங்கிக் கலங்கிப் போனது. சுற்றிலும் டிரேசிங் பேப்பர் உருளை வைத்தால் செதில்களின் பளபளப்பும் அடங்கும். அட்டை சாம்பல் நிறமே நல்லது. வெள்ளை வெளிறிய ஓரத்தை விழுங்கிவிடும்.

லென்ஸ் துளை எஃப்/8 போதும். எஃப்/22 எனச் சிறிதாக வைத்தால் விளிம்பு விளைவால் (சிறு துளையில் ஒளி வளைந்து பரவுவதால்) நுணுக்கம் மங்கும். தெளிவாக விழும் ஆழம் போதாவிட்டால் குவியத்தை நகர்த்திப் பல படங்கள் எடுத்து இணைக்கலாம்.

அளவுகோல் இறக்கை மட்டத்திலேயே இருக்கட்டும். கீழே அட்டையில் வைத்தால் சிறிதாகத் தெரிந்து, பூச்சியின் அளவு கூடிவிடும். பலர் சறுக்குவது இங்கேதான்!

கடலோர ஈரத்தில் இறக்கை தொய்யும். எடுத்ததும் சிலிக்கா ஜெல் பெட்டிக்குள்.