கோக்கீ தவளையின் குரலைப் போனில் பதிவு செய்வது எப்படி?

புவேர்ட்டோ ரிக்கோ தீவில் பொழுது சாய்ந்ததும் "கோ... க்கீ, கோ... க்கீ" என்று ஒரு சத்தம் கிளம்பும். முதல் தடவை கேட்கும்போது ஏதோ பறவை என்றுதான் நானும் நினைத்தேன். கத்துவது மூன்றரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பழுப்புத் தவளை, அதுவும் ஆண் மட்டும். அரை மீட்டர் தள்ளி வைத்து அளந்தாலே சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். இந்தக் குரலைப் பதிவு செய்ய பெரிய கருவி எதுவும் வேண்டாம், கையில் இருக்கும் போன் போதும்.

முதல் படி: நாளும் இடமும்

மழை விட்ட ராத்திரியாகப் பாருங்கள். காற்றில் ஈரம் இல்லாத நாட்களில் பாதிக் குரல்கூட எழும்பாது. இருட்டியதிலிருந்து நடுராத்திரி வரை நல்ல நேரம். எல் யுங்கே மழைக்காட்டுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, நீங்கள் தங்கியிருக்கும் வீட்டுத் தோட்டத்திலேயே வாழை மட்டை இடுக்கில் ஒன்று உட்கார்ந்திருக்கும்.

இரண்டாவது படி: ஒரே ஒரு குரலைப் பிடிப்பது

பொறுமை வேண்டிய வேலை இதுதான். நூறு தவளை சேர்ந்து கத்தும்போது எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் கேட்கும், அதனால் டார்ச்சை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள், உங்கள் காலடிச் சத்தத்தில் வாயை மூடிய பக்கத்துத் தவளை மெல்ல மறுபடி ஆரம்பிக்கும். அதைத்தான் பதிவு செய்யப் போகிறீர்கள். நடுவே "ச்சுரீ, ச்சுரீ" என்று கேட்டால் அது வேறு இனம், சமவெளிப் பக்கம் நிறைய உண்டு.

மூன்றாவது படி: பதிவு

போனைத் தவளையின் முகத்துக்கு நேராக நீட்டாதீர்கள். நான் முதல் நாள் அப்படித்தான் செய்தேன், வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால் ஒரே கரகரப்பு, ஒரு குரல்கூட உருப்படியாக இல்லை. இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று, ரெக்கார்டிங் செயலியில் ஒலி அளவைக் குறைத்து, வேவ் (WAV) ஃபைலாகச் சேமியுங்கள். இரண்டு நிமிடம் போதும்.

நான்காவது படி: கண்ணால் பார்ப்பது

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவைத் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு, அதாவது ஒலியின் சுருதி நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று படமாகக் காட்டும் காட்சிக்கு மாற்றுங்கள். 1,100 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே கிடைமட்டமாக ஒரு கோடு தெரியும், அது "கோ". அடுத்தாற்போல் 2,000 ஹெர்ட்ஸ் பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்த ஒரு கீற்று, அது "க்கீ".

இந்த இரண்டும் இரண்டு பேருக்கான சேதி! 1976-இல் பீட்டர் நாரின்ஸ், ராபர்ட் காப்ரானிகா என்ற இரு ஆய்வாளர்கள் இரண்டு ஒலிகளையும் தனித்தனியாக ஒலிபரப்பிப் பார்த்தார்கள். "கோ" கேட்ட ஆண்கள் இது என் இடம் என்று பதில் குரல் கொடுத்தன, பெண்கள் "க்கீ"யைத் தேடி வந்தன. காதுகளும் அதற்கேற்றபடிதான், ஆணின் காது "கோ"வுக்கும் பெண்ணின் காது "க்கீ"க்கும் கூர்மையாக இருக்கிறது. உங்கள் பதிவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஆண்கள் மோதிக்கொண்டிருந்தால் "க்கீ" இல்லாமல் வெறும் "கோ, கோ" மட்டும் வரிசையாகத் தெரியலாம். எனக்கு அப்படி ஒன்று மாட்டியது, அந்தப் பதிவை இன்னும் அழிக்கவில்லை.

ஐந்தாவது படி: உயரம் மாற்றிப் பதிவது

மலையடிவாரத்தில் ஒன்று, மேலே ஏறி இன்னொன்று என்று பதிந்து ஒப்பிடுங்கள். மேலே போகப் போகத் தவளை பெரிதாகும், குரல் கனமாகும்.

கவனிக்க வேண்டியவை

தவளையைக் கையில் எடுக்காதீர்கள், செடித் தொட்டி எதையும் கிளப்பிக்கொண்டு வராதீர்கள். ஹவாய்க்கு இவை போய்ச் சேர்ந்தது அப்படித்தான், செடிகளோடு சேர்ந்து, 1980-களின் கடைசியில். அங்கே இன்றுவரை விரட்ட முடியவில்லை. காட்டுக்குக் காடு போகும்போது செருப்புச் சேற்றைக் கழுவுங்கள், தவளைகளைக் கொல்லும் பூஞ்சை சேற்றோடும் பரவும்.

அப்புறம், சுருண்ட காய்ந்த இலைக்குள் ஒரு தவளை சத்தமே போடாமல் உட்கார்ந்திருந்தால் வெளிச்சத்தை உடனே திருப்பிவிடுங்கள். அது முட்டைக்குக் காவல் இருக்கும் அப்பா. தலைப்பிரட்டைப் பருவமே இந்த இனத்துக்குக் கிடையாது, முட்டைக்குள்ளேயே குட்டித் தவளையாக வளர்ந்து வெளியே வரும். அதுவரை முட்டைகள் காயாமல் பார்த்துக்கொள்வது அவன்தான்.